ஒரே சீட்டில் உலகப் பயணம்: விமானக் கூட்டணிகள் இயங்கும் முறை

பெரம்பலூர் நகரில் இரயில் நிலையம் இல்லை. பெரம்பலூரிலிருந்து இரயிலில் சென்னைக்குப் போக விரும்புகிறவர், முதலில் பேருந்தில் ஏறிச் சுமார் 30 கிலோமீட்டர் கிழக்கே இருக்கும் அரியலூருக்கு வர வேண்டும். விழுப்புரத்தையும் திருச்சியையும் நேரே இணைக்கும் கார்டு லைன் பாதையில் அமைந்த நிலையம் அரியலூர். பேருந்துக்கு ஒரு சீட்டு. இரயிலுக்கு வேறொரு சீட்டு. வழியில் பேருந்து பழுதாகி நின்றுவிட்டால் என்ன ஆகும்? இரயில் காத்திராது. பேருந்தின் பொறுப்பு அரியலூரோடு முடிந்தது. நீங்கள் எதில் ஏறி வந்தீர்கள் என்பது இரயில்வேக்குத் தெரியாது. நட்டம் முழுவதும் உங்களைச் சேர்ந்தது.

அதே பெரம்பலூர் அஞ்சல் நிலையத்தில் இலண்டன் முகவரி எழுதிய ஒரு கடிதத்தைப் போடுவதாக வைத்துக்கொள்வோம். இந்திய அஞ்சல் தலை ஒட்டினால் போதும். இலண்டனில் அதை வீடு வரை கொண்டுபோய்ச் சேர்ப்பவர் பிரிட்டிஷ் அஞ்சற்காரர். அவர் தமக்கென்று தனியாகக் கட்டணம் கேட்பதில்லை. 1874-ஆம் ஆண்டு பெர்ன் நகரில் உருவான அனைத்துலக அஞ்சல் ஒன்றியமே இதற்குக் காரணம். நாடுகள் தமக்குள் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும். அனுப்புகிறவர் ஒரே இடத்தில் பணம் கட்டினால் போதும் என்பது அதன் அடிப்படை. இந்தியா 1876-இல் அதில் சேர்ந்தது.

கடிதத்துக்குக் கிடைக்கும் இந்த வசதி மனிதருக்கும் அவருடைய பெட்டிக்கும் கிடைக்குமா? பல நாட்டு விமானங்களில் மாறி மாறிச் சென்றாலும், ஒரே சீட்டில், ஒருவருடைய பொறுப்பில் போய்ச் சேர முடியுமா? இவ்வினாவுக்கு விமான நிறுவனங்கள் கண்ட விடைகளுள் ஒன்றே 'விமானக் கூட்டணி' என்பது. வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஜெயங்கொண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ வேலை பார்ப்பவர்களின் குடும்பங்களைக் காணலாம். மேற்படிப்புக்காக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் மாணவர்களும் உளர். ஆகவே இதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

எல்லா ஊருக்கும் நேர் விமானம் ஏன் இல்லை?

ஒரு சிறு கணக்கிலிருந்து தொடங்குவோம். பத்து ஊர்கள் உள்ளன. எந்த ஊரிலிருந்தும் வேறு எந்த ஊருக்கும் நேரே பறக்க வேண்டும் என்றால் எத்தனை வழித்தடங்கள் வேண்டும்? ஒவ்வோர் ஊரும் மற்ற ஒன்பதுடன் இணைய வேண்டும். 10 x 9 = 90. ஒவ்வொரு தடமும் இருமுறை எண்ணப்பட்டுள்ளதால் இதைப் பாதியாக்கினால் 45 தடங்கள் கிடைக்கும். ஊர்கள் 50 ஆனால், 50 x 49 / 2 = 1,225 தடங்கள்! ஊர்களின் எண்ணிக்கை ஐந்து மடங்காக உயர, தடங்களின் எண்ணிக்கை 27 மடங்காகி விடுகிறது.

இவ்வளவு தடங்களிலும் விமானத்தை நிரப்பப் பயணிகள் வேண்டுமே! அரியலூர்ப் பக்கத்திலிருந்து நார்வே நாட்டு ஆஸ்லோ நகருக்கு ஒரு நாளில் எத்தனை பேர் போவார்கள்? அவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் பறக்க இயலாது.

மாட்டு வண்டிச் சக்கரத்தைப் பாருங்கள். நடுவில் குடம், அதிலிருந்து சுற்றிலும் செல்லும் ஆரக்கால்கள். பத்து ஊர்களுள் ஒன்றைக் குடமாக வைத்து, மற்ற ஒன்பதையும் அதனுடன் மட்டும் இணைத்தால் 9 தடங்களே போதும். 50 ஊர்களுக்கு 49 தடங்கள். எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும், அதிகம் போனால் நடுவில் ஒருமுறை விமானம் மாறிப் போய்விடலாம். ஆஸ்லோவுக்குப் போகிறவர், பாரிசுக்குப் போகிறவர், நியூயார்க்குக்குப் போகிறவர் எல்லாரும் ஒரே விமானத்தில் மைய நிலையம் வரை சேர்ந்து வருவதால் விமானம் நிரம்புகிறது. சிங்கப்பூர், பிராங்க்பர்ட், தோஹா, கொழும்பு ஆகியவை இத்தகைய மைய நிலையங்கள்.

இனிமேல்தான் கூட்டணியின் மந்திரம் வருகிறது. 'அ' என்னும் நிறுவனம் தன் மைய நிலையத்தையும் சேர்த்து 40 ஊர்களுக்குப் பறக்கிறது. வேறொரு கண்டத்தில் உள்ள 'ஆ' என்னும் நிறுவனம் 50 ஊர்களுக்குப் பறக்கிறது. இந்த இரண்டு மைய நிலையங்களுக்கும் இடையே ஒரே ஒரு தடத்தைப் போட்டு, இருவரும் பயணிகளைப் பரிமாறிக்கொள்ள உடன்பட்டால் என்ன நிகழும்? 40 ஊர்களுள் எதிலிருந்தும் 50 ஊர்களுள் எதற்கும் போகலாம். 40 x 50 = 2,000 புதிய ஊர் இணைகள்! கூட்டலாக வளர வேண்டியது பெருக்கலாக வளர்ந்துவிட்டது. தனித்தனியே இயங்கிய இரண்டு மின்தொகுப்புகளை ஒரே கம்பிவடத்தால் இணைத்ததும் ஒன்றின் மின்சாரம் மற்றொன்றின் கடைக்கோடி வீடு வரை பாய்வதை இதற்கு ஒப்பிடலாம்.

வானத்துக்கும் வேலி உண்டு

"இவ்வளவு இலாபம் இருந்தால் ஒரே பெரிய நிறுவனம் உலகம் முழுவதும் பறந்துவிடலாமே, கூட்டணி எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. சட்டம் அதற்கு இடம் தருவதில்லை.

1944-ஆம் ஆண்டு டிசம்பர் 7-ஆம் நாள் அமெரிக்காவின் சிகாகோ நகரில் பன்னாட்டு விமானப் போக்குவரத்து உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வான்வெளியில் முழு உரிமை உண்டு என்பது அதன் முதல் விதி. அட்டவணைப்படி இயங்கும் அயல்நாட்டு விமானம் அனுமதியின்றி உள்ளே வரலாகாது. எனவே நாடுகள் இரண்டிரண்டாகப் பேசி, யார் எந்த ஊருக்கு வரலாம், வாரத்துக்கு எத்தனை முறை வரலாம் என்று ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. ஒரு நாட்டுக்குள்ளேயே ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் உரிமையைப் பெரும்பாலும் அயல்நாட்டு நிறுவனத்துக்குத் தருவதில்லை. நியூயார்க் வரை செல்லும் ஏர் இந்தியா, அங்கிருந்து டல்லாசுக்கு உள்ளூர்ப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பறக்க முடியாது.

வேறு நாட்டு நிறுவனத்தை விலைக்கு வாங்கிவிடலாம் என்றால் அங்கும் தடை. அமெரிக்க விமான நிறுவனமொன்றில் வெளிநாட்டவரின் வாக்குரிமைப் பங்கு 25 விழுக்காட்டைத் தாண்டலாகாது. இந்தியாவில் 2012-ஆம் ஆண்டு முதல் அயல்நாட்டு விமான நிறுவனங்கள் இந்திய விமான நிறுவனங்களில் 49 விழுக்காடு வரை முதலீடு செய்ய அனுமதி உண்டு. அதற்கு மேல் இல்லை. சொந்தமாகப் பறக்கவும் முடியாது, முழுமையாக வாங்கவும் முடியாது என்ற நிலையில் எஞ்சிய வழி, அங்கிருப்பவருடன் கைகோத்துக்கொள்வதே.

கூட்டணிகளின் பிறப்பு

தொலைதூர வணிகத்துக்குக் கூட்டுச் சேர்வது தமிழருக்குப் புதிதன்று. அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரம் தலைநகராக விளங்கிய காலத்தில், பல ஊர் வணிகர்கள் ஒரு பொதுப் பெயரின் கீழ் இணைந்து கடல் கடந்து வாணிகம் செய்தனர். அத்தகைய குழுவான ஐந்நூற்றுவரின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று சுமத்ராத் தீவின் பாரூஸ் பகுதியில் கிடைத்துள்ளது. அதன் காலம் கி.பி. 1088.

விமானத் துறையில் இன்றைய கூட்டணிகளுக்கு முன்னோடியாக அமைந்தது, டச்சு நிறுவனமான கே.எல்.எம்.மும் அமெரிக்க நிறுவனமான நார்த்வெஸ்டும் செய்துகொண்ட ஏற்பாடு. 1989-இல் கே.எல்.எம். நார்த்வெஸ்டில் பங்கு வாங்கியது. 1992-இல் இரு நாடுகளும் திறந்த வான்வழி ஒப்பந்தம் செய்துகொண்டன. 1993-இல் இரு நிறுவனங்களும் கட்டணத்தையும் அட்டவணையையும் கூடிப்பேசி வகுக்க அமெரிக்க அரசு அனுமதித்தது.

1997 மே 14-இல் லுஃப்தான்சா, யுனைடெட், ஏர் கனடா, தாய் ஏர்வேஸ், ஸ்காண்டிநேவிய நிறுவனமான எஸ்.ஏ.எஸ். ஆகிய ஐந்தும் சேர்ந்து 'ஸ்டார் அலையன்ஸ்' என்னும் கூட்டணியை அமைத்தன. 1999 பிப்ரவரி முதல் நாள் பிரிட்டிஷ் ஏர்வேஸ், அமெரிக்கன், காத்தே பசிபிக், குவான்டாஸ், கனடியன் ஆகியவை 'ஒன்வேர்ல்டு' கூட்டணியைத் தொடங்கின. 2000 ஜூன் 22-இல் ஏர் பிரான்ஸ், டெல்டா, ஏரோமெக்சிகோ, கொரியன் ஏர் ஆகியவை 'ஸ்கைடீம்' என்ற பெயரில் இணைந்தன. இம்மூன்றுமே உலகின் பெரிய கூட்டணிகள். 2025-இல் ஸ்டார் அலையன்சில் மட்டும் 25 நிறுவனங்கள் இருந்தன.

நம் பக்கத்துக்கு இவை சற்றுத் தாமதமாகவே வந்தன. ஏர் இந்தியாவை ஸ்டார் அலையன்ஸ் 2007 டிசம்பரில் அழைத்தது. சேர்க்கைக்கான நிபந்தனைகள் நிறைவேறவில்லை என்று 2011-இல் அம்முயற்சி நிறுத்தி வைக்கப்பட்டது. பின் மறுபடியும் பேச்சு நடந்து, 2014 ஜூலை 11-இல் ஏர் இந்தியா உறுப்பினராயிற்று. ஸ்ரீலங்கன் நிறுவனம் அதற்குச் சில வாரங்கள் முன்பே, 2014 மே முதல் நாள், ஒன்வேர்ல்டில் சேர்ந்துவிட்டது. கூட்டணியில் சேர்வது கழகத்தில் சந்தா கட்டிச் சேர்வது போன்றதன்று. முன்பதிவுக் கணிப்பொறிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும்; பாதுகாப்பு முறைகள் தணிக்கைக்கு உட்பட வேண்டும்; பெட்டிகள் கை மாறும் முறை பொருந்தி வர வேண்டும்.

இந்த உறவு நிலையானது என்றும் கருதிவிடலாகாது. ஸ்டார் அலையன்சை நிறுவிய ஐவருள் ஒருவரான எஸ்.ஏ.எஸ்., 2024 ஆகஸ்டு இறுதியில் அதைவிட்டு விலகி, மறுநாளே ஸ்கைடீமில் சேர்ந்தது.

ஒரே விமானம், பல எண்கள்

விமான நிலையத்தின் அறிவிப்புப் பலகையில் ஒரே நேரத்தில், ஒரே வாயிலிலிருந்து, ஒரே ஊருக்கு மூன்று விமானங்கள் புறப்படுவதாகக் காட்டும். எண்கள் மட்டும் வேறு வேறு. வெளியே பார்த்தால் நிற்பது ஒரே விமானம்! இதற்குக் குறியீட்டுப் பகிர்வு என்று பெயர்.

ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் இரண்டெழுத்துக் குறியீடு உண்டு. ஏர் இந்தியாவுக்கு 'ஏ.ஐ.', ஸ்ரீலங்கனுக்கு 'யு.எல்.', சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு 'எஸ்.க்யூ.' என்பன போல. ஒரு நிறுவனம் இயக்கும் விமானத்தில் சில இருக்கைகளை மற்றொரு நிறுவனம் தன் குறியீட்டை இட்டுத் தன் விமானம் போலவே விற்கலாம். விற்பவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். பயணிக்கு இது வியப்பாக இருக்கும். ஆனால் சீட்டில் 'இயக்குபவர்' யார் என்று அச்சிட்டிருக்கும். அதைப் படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம். உணவு, இருக்கை வசதி முதலியன இயக்குபவரைப் பொறுத்தவை.

குறியீட்டுப் பகிர்வு வேறு, கூட்டணி வேறு. கூட்டணியில் சேராத இருவரும் எண்ணைப் பகிர்ந்துகொள்ளலாம். கூட்டணி என்பது இத்தகைய பல ஏற்பாடுகளை ஒரு பொது விதியின் கீழ்க் கொண்டுவந்து, அதனுடன் பயணப் புள்ளிகள், ஓய்வறைகள் முதலியவற்றையும் சேர்த்துக் கட்டிய மூட்டை எனலாம்.

பெட்டியின் பயணம்

பயணி தன் காலால் நடந்து அடுத்த விமானத்துக்குப் போய்விடுவார். பெட்டிக்குக் கால் இல்லை. அது வழி தவறாமல் போவது எப்படி?

பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் நீண்ட பட்டையைக் கவனியுங்கள். சேருமிடத்தின் மூன்றெழுத்துக் குறியீடு பெரிதாக அச்சிட்டிருக்கும். திருச்சிக்கு 'டி.ஆர்.இசட்.', சென்னைக்கு 'எம்.ஏ.ஏ.', கொழும்புக்கு 'சி.எம்.பி.'. அதனுடன் பட்டைக் கோடுகளும் பத்து இலக்க எண்ணும் இருக்கும். அவ்வெண்ணின் இரண்டாம் இலக்கம் முதல் நான்காம் இலக்கம் வரை, பட்டையை வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும். 098 என்றிருந்தால் ஏர் இந்தியா. 603 என்றால் ஸ்ரீலங்கன். கடைசி ஆறு இலக்கங்கள் வரிசை எண். இந்தப் பத்து இலக்கங்களையும் பயணியின் முழுப் பயண விவரத்தையும் கணிப்பொறி முன்கூட்டியே அடுத்த நிறுவனத்துக்கு அனுப்பிவிடுகிறது. மைய நிலையத்தில் ஒளிக்கற்றை பட்டைக் கோட்டைப் படித்ததும், பெட்டி உரிய வாயிலுக்குத் திருப்பிவிடப்படுகிறது.

2018 ஜூன் முதல், பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கத்தின் 753-ஆம் தீர்மானத்தின்படி, உறுப்பினர்கள் ஒவ்வொரு பெட்டியையும் நான்கு கட்டங்களில் பதிவு செய்ய வேண்டும்: பயணியிடமிருந்து வாங்கும்போது, விமானத்தில் ஏற்றும்போது, மாறும் நிலையத்தில் ஒப்படைக்கும்போது, பயணியிடம் திருப்பித் தரும்போது.

இரு விமானங்களுக்கு இடையே குறைந்தது இவ்வளவு நேரம் வேண்டும் என்று ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் கணக்கு உண்டு. இதைக் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்பர். பெட்டி ஒரு விமானத்திலிருந்து மற்றொன்றுக்குப் போய்ச் சேரவும், பயணி சோதனைகளைக் கடக்கவும் ஆகும் காலத்தைக் கொண்டு அது வகுக்கப்படுகிறது. இந்த அளவுக்குக் குறைவான இடைவெளியில் ஒரே சீட்டை விற்க முன்பதிவு முறை இடம் தராது. மைய நிலையத்தில் விமானங்கள் அலை அலையாக வருவதும் இதனால்தான். பல திசைகளிலிருந்தும் ஒரு கூட்டம் விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் இறங்கும். பயணிகளும் பெட்டிகளும் இடம் மாறுவர். பின் எல்லாம் ஒருசேரப் புறப்படும்.

ஒரு விதிவிலக்கு உண்டு. சுங்கச் சட்டம் கூட்டணிக்குக் கட்டுப்படாது. வெளிநாட்டிலிருந்து சென்னையில் இறங்கி உள்நாட்டு விமானத்தில் திருச்சிக்குப் போகிறவர், பொதுவாகச் சென்னையிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனையை முடித்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலும் இதே முறைதான்.

பணத்தைப் பங்கிடுவது எப்படி?

ஒரு பயணி இரு நிறுவனங்களின் விமானங்களில் மாறிப் போகிறார். முதற்கட்டம் 400 கிலோமீட்டர். இரண்டாம் கட்டம் 8,600 கிலோமீட்டர். மொத்தக் கட்டணம் 45,000 ரூபாய் என்று கொள்வோம். தூரத்துக்கு நேர் விகிதத்தில் பிரித்தால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய். முதல் நிறுவனத்துக்கு 2,000 ரூபாயும் இரண்டாம் நிறுவனத்துக்கு 43,000 ரூபாயும் கிடைக்கும்.

இது நியாயமா? விமானம் தரையிலிருந்து எழும்பி உயரே ஏறும்போதுதான் எரிபொருளை மிக வேகமாகக் குடிக்கிறது. இறங்கு கட்டணம், பெட்டி ஏற்றி இறக்கும் கூலி, சோதனைச் செலவு ஆகியவை 400 கிலோமீட்டருக்கும் உண்டு, 8,600 கிலோமீட்டருக்கும் உண்டு. ஆகவே குறுந்தொலைவுப் பயணத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் செலவு கூடுதல். இதைக் கருதி, குறுகிய கட்டத்துக்குத் தூர விகிதத்தைவிடச் சற்று அதிகப் பங்கு கிடைக்குமாறு எடை கொடுத்துக் கணக்கிடுவர்.

இப்படி இலட்சக்கணக்கான சீட்டுகளுக்கு அன்றாடம் பணம் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. இதற்கென 1947-இல் தீர்வகம் ஒன்று ஏற்பட்டது. 'அ' நிறுவனம் 'ஆ' நிறுவனத்துக்கு 10 இலட்சம் தர வேண்டும், 'ஆ' நிறுவனம் 'அ' நிறுவனத்துக்கு 8 இலட்சம் தர வேண்டும் என்றால், இரண்டையும் கழித்து 2 இலட்சம் மட்டும் கைமாறும். இரண்டு மளிகைக் கடைக்காரர்கள் மாதக் கடைசியில் நோட்டைப் புரட்டிக் கணக்கு முடித்துக்கொள்வது போலத்தான்.

கட்டணம் குறையுமா?

குறைய வழியுண்டு. முதற்கட்டத்துக்கு ஆகும் செலவு 8,000 ரூபாய், இரண்டாம் கட்டத்துக்கு 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் தனித்தனியே 4,000 ரூபாய் இலாபம் வைத்தால் பயணி 36,000 ரூபாய் தர வேண்டும். அந்த விலையில் 100 பேர் வருகிறார்கள். இருவருக்கும் சேர்ந்து 8 இலட்சம் இலாபம். இப்போது இருவரும் கலந்து பேசி, மொத்த இலாபத்தை 5,000 ரூபாயாகக் குறைக்கின்றனர். கட்டணம் 33,000 ஆகிறது. பயணிகள் 200 பேராக உயர்ந்தால் இலாபம் 10 இலட்சம். பயணிக்கும் 3,000 ரூபாய் மிச்சம். முதல் நிறுவனம் தனியாக விலையைக் குறைத்திருக்கலாமே என்றால், கூடுதலாக வரும் பயணிகளின் இலாபத்தில் ஒரு பங்கு உழைக்காத மற்றவருக்குப் போய்விடும். ஆகவே தனித்து நிற்கும்போது அதற்கு மனம் வராது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. ஜான் புரூக்னர், டாம் வேலன் என்னும் பொருளியலாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நிறுவனம் மாறிச் செல்லும் பயணங்களில் கூட்டாளிகள் வாங்கும் கட்டணம், கூட்டில்லாதவர்கள் வாங்குவதைவிடச் சுமார் 25 விழுக்காடு குறைவு என்று கண்டனர்.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. இரு மைய நிலையங்களுக்கு இடையே முன்பு போட்டியிட்ட இருவர் கூட்டாளிகளாகிவிட்டால், அந்த ஒரு தடத்தில் போட்டி குறைந்து கட்டணம் ஏறவும் கூடும். இதனாலேயே கூட்டாகக் கட்டணம் வகுக்க அரசுகளின் அனுமதி தேவைப்படுகிறது. அரசு கேட்பதும் இதைத்தான்: பலருக்குக் கிடைக்கும் நன்மை, சிலருக்கு ஏற்படும் இழப்பைவிடப் பெரிதா?

பொறுப்பு யாருடையது?

கட்டணத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. அது பொறுப்பு.

ஒரே சீட்டில் பயணம் செய்யும்போது, முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், உங்களை வேறு விமானத்தில் ஏற்றி அனுப்புவது நிறுவனத்தின் கடமையாகிறது. இரண்டு தனிச் சீட்டுகள் வாங்கியிருந்தால், இரண்டாம் நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் 'வராத பயணி'. சீட்டு வீணாயிற்று. புதிய சீட்டை அன்றைய விலைக்கு வாங்க வேண்டும். வேலைக்குச் சேர வேண்டிய நாளோ, கல்லூரியில் பதிவு செய்ய வேண்டிய நாளோ தவறிப்போனால் அந்த இழப்பு பணத்தோடு நிற்பதில்லை.

வேறொரு சிக்கலும் உண்டு. தனிச் சீட்டுக்காரர் பல இடங்களில் நடு ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டும். பெட்டியை எடுக்க வேண்டுமானால் அந்நாட்டுக் குடிவரவுச் சோதனையைக் கடக்க வேண்டும். அதற்கு விசா வேண்டும். விசா இல்லை என்றால் திருச்சியிலேயே விமானத்தில் ஏற்ற மறுத்துவிடக்கூடும். ஒரே சீட்டில், பெட்டி கடைசி ஊர் வரை பதிவாகியிருந்தால், பெரும்பாலான நாடுகளில் இந்தத் தொல்லை இல்லை.

1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை இப்பொறுப்பைச் சட்டமாக்குகிறது. இந்தியா 2009-இல் இதில் சேர்ந்தது. பல நிறுவனங்கள் அடுத்தடுத்துச் சுமந்து சென்றாலும், ஒரே பயணமாகக் கருதி உடன்பட்டிருந்தால் சட்டத்தின் பார்வையில் அது பிரிக்க முடியாத ஒரே பயணம். பெட்டி சேதமாயிற்று என்றால் முதல் நிறுவனத்திடமும் கேட்கலாம், கடைசி நிறுவனத்திடமும் கேட்கலாம், எவருடைய பொறுப்பில் சேதம் நேர்ந்ததோ அவரிடமும் கேட்கலாம். "நான் இல்லை, அவர்" என்று உங்களைக் கைகாட்டி அலைக்கழிக்க இடமில்லை. காலக்கெடுவை மட்டும் மறவாதீர்கள். சேதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த 7 நாட்களுக்குள்ளும், தாமதத்துக்கு 21 நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் புகார் தர வேண்டும். 21 நாட்கள் ஆகியும் பெட்டி வராவிட்டால் அது தொலைந்ததாகக் கொண்டு உரிமை கோரலாம்.

திருச்சியிலிருந்து பார்த்தால்

பெரம்பலூர், அரியலூர் மக்களுக்கு அண்மையில் உள்ளது திருச்சி விமான நிலையம். அதன் புதிய முனையம் 2024 ஜனவரி 2-இல் திறந்து வைக்கப்பட்டது. 2025-இல் அங்கிருந்து வெளிநாடுகளுக்குப் பறந்த நிறுவனங்களுள் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், இண்டிகோ, ஸ்கூட், ஏர் ஏசியா, பாட்டிக் ஏர், ஸ்ரீலங்கன் ஆகியவை அடங்கும். இவற்றுள் மூன்று பெரும் கூட்டணிகளில் எதிலாவது உறுப்பினராக இருப்பது ஸ்ரீலங்கன் மட்டுமே. ஏர் இந்தியா ஸ்டார் அலையன்சின் உறுப்பினர். ஆனால் அதன் துணை நிறுவனமான ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் அதில் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2000-ஆம் ஆண்டு முதல் உறுப்பினர். அதன் துணை நிறுவனமான ஸ்கூட் இல்லை. பெயர் ஒன்றுபோல் இருப்பதைக் கண்டு ஏமாறலாகாது.

அப்படியானால் திருச்சிப் பயணிக்கு ஒரே சீட்டு கிடைக்காதா? கிடைக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் எண்ணை இட்டு ஸ்கூட் விமானங்களில் இருக்கைகளை விற்கிறது. ஆகவே திருச்சியிலிருந்து சிங்கப்பூர் வரை ஸ்கூட், அங்கிருந்து மேலே சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்று ஒரே சீட்டாக வாங்க இயலும். கொழும்பு வழியே ஸ்ரீலங்கனில் இலண்டன் வரை செல்வதும் அவ்வாறே. மறுபுறம், வளைகுடாவின் பெரிய நிறுவனமான எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் சேராமலே உலகமெங்கும் பறக்கிறது; தனக்கு வேண்டியவர்களுடன் தனித்தனி ஒப்பந்தம் செய்துகொள்கிறது.

திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ நேரே போய் இறங்குகிறவருக்குக் கூட்டணியால் பெரிய பயன் இல்லை. சிக்கன நிறுவனமே அவருக்கு மலிவு. நடுவில் விமானம் மாறுகிறவருக்கே இதெல்லாம் முக்கியம். அவர் சீட்டு வாங்குமுன் பயண முகவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு:

1. முழுப் பயணமும் ஒரே சீட்டா? விமானச் சீட்டுக்கு 13 இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கங்கள் வழங்கிய நிறுவனத்தைக் குறிக்கும். ஒரு சீட்டில் நான்கு கட்டங்கள் வரை அடங்கும்; அதற்கு மேற்பட்டால் அடுத்த வரிசை எண்ணில் இணைச் சீட்டு வரும். முகவர் ஒரே தாளில் அச்சிட்டுத் தந்தாலும், உள்ளே தொடர்பில்லாத இரண்டு எண்கள் இருந்தால் அவை இரண்டு தனிச் சீட்டுகளே. சில சிக்கன நிறுவனங்கள் இத்தகைய எண்ணைத் தருவதில்லை. முன்பதிவுக் குறியீடு மட்டுமே தரும்.

2. பெட்டி கடைசி ஊர் வரை பதிவாகுமா? விமான நிலையத்தில் பட்டையில் உள்ள மூன்றெழுத்தை நீங்களே சரிபாருங்கள்.

3. எந்தக் கட்டத்தை எவர் இயக்குகிறார்? பெட்டியின் எடை வரம்பு முழுப் பயணத்துக்கும் ஒன்றேயா?

4. மாறும் ஊரில் விசா தேவையா? இடையில் எவ்வளவு நேரம்?

விலையில் இரண்டாயிரம் ரூபாய் குறைவு என்று தனிச் சீட்டுகளை வாங்குவதில் தவறில்லை. ஆனால் அந்த இரண்டாயிரம், காப்பீட்டைக் கைவிட்டதற்குக் கிடைத்த தள்ளுபடி என்பதை உணர்ந்து வாங்க வேண்டும்.

விமானத்தின் வாலில் தீட்டிய கூட்டணிச் சின்னம் உங்களைக் காப்பாற்றுவதில்லை. உங்களைக் காப்பது சீட்டில் எழுதியுள்ள உடன்பாடு. கூட்டணிகள் செய்திருப்பது, அத்தகைய உடன்பாட்டை உலகின் ஆயிரக்கணக்கான ஊர்களுக்கு இடையே எளிதாகக் கிடைக்கச் செய்ததே. கேட்டு வாங்குகிறவருக்குத்தான் அதன் முழுப் பயனும் கிட்டும்.